சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்

அம்மாவின் காரியம் முடிந்து நான் ஆரணிக்குத் திரும்பிய மறுநாள் காலை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் துக்கம் விசாரிக்க எங்கள் ரூமுக்கு வந்தார். நான் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் சுவரின் சுண்ணாம்பு உப்பிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விடிந்ததிலிருந்து அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. "மூர்த்தி இருக்காராப்பா?"

எழுந்து சட்டை போட வேண்டும். எப்படி ஆச்சு, எத்தனை நாளாக முடியாமல் இருந்தார்கள் என்று அவர் கேட்பார். நான் சொல்ல வேண்டும். ஊரில் பதினாறு நாளாக அதையே சொல்லிச் சொல்லி, என் அம்மா செத்தது வேறு யார் வீட்டிலோ நடந்த கதை போல ஆகிவிட்டிருந்தது. இன்னொரு முறை சொன்னால் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்துவிடும் என்று பட்டது.

படியின் மேல்முனையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தண்டபாணி முகம் மழித்துக்கொண்டிருந்தார். என் ரூமில் இருந்த இருவரில் ஒருவர். சற்றும் தயங்காமல் சொன்னார். "அவரு வெளில போயிருக்காருங்க."

"டூட்டியில கூட இல்லையே."

"கோயிலுக்குப் போயிருப்பாருங்க. வந்தா நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றேன்."

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. தண்டபாணி உள்ளே வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சக் கன்னத்தை மழித்தார், கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டினார், வேலைக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு அம்மாவுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். இந்தத் தொடரில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்தக் காலைக்காகத் தண்டபாணிக்குச் சொன்னதே இல்லை.

சென்ற வாரம் எக்ஸ்சேஞ்ச் அனுபவங்களை எழுதியதைப் படித்துவிட்டு, செய்யாறிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். ஆறு வருஷம் ஆரணியில் இருந்தேன் என்கிறீர்கள், யாருடன் தங்கினீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரிகூடக் காணோமே என்று கேட்கிறார். கெட்டிக்கார வாசகர். நான் தாண்டிக் குதித்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

மூன்று ஆள், மூன்று சுவர்

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகாத ஆண்களுக்கு ஆரணியில் யாரும் லேசில் வீடு தர மாட்டார்கள். பட்டு நெய்கிற ஒரு குடும்பம் தங்கள் மாடியில் இருந்த ஒற்றை அறையை எங்களுக்கு விட்டிருந்தது. கீழே நான்கு தறி. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எங்கள் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். தம்ளரில் தண்ணீர் வைத்தால் அதன் மேல் வட்டம் வட்டமாக அசையும். ஒரு மாதத்தில் அது பழகி, தறி நிற்கிற அமாவாசை நாளில்தான் எங்களுக்குக் காது வலித்தது.

அறைக்குக் கதவு ஒரு சுவரில். மிச்சம் மூன்று சுவர்கள், மூன்று பாய்கள். கிழக்குச் சுவர் என்னுடையது. மேற்கு, ஏகாம்பரம் சாருடையது. அரசுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிடுவார். ரசத்துக்கு உப்பு இல்லையென்றால் ஒரு ஊது ஊதுவார். எங்கள் இருவரையும் விட ஐந்தாறு வயது மூத்தவர். பெண் பார்த்துப் பார்த்துக் களைத்தவர்.

கதவுக்கு எதிர்ச் சுவர் தண்டபாணியுடையது. களம்பூர்க்காரர். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மசி நிரப்பி மயிலோ மாங்காயோ வரைவார். பிறகு அந்தக் கட்டங்களைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற அட்டைகளில் ஓட்டை குத்துவார். ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும் என்பார். அவர் விரல் நுனி எப்போதும் சிவந்திருக்கும்.

மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவர் என்னோடு பேசும்போது 'ங்க' போடாமல் பேசியதில்லை. நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். "பழகிப் போச்சுங்க மூர்த்தி" என்பார், அதிலும் ஒரு 'ங்க' வைத்து.

அழ இடமில்லாத வீடு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பிறந்தது கண்ணமங்கலத்தில். வீட்டில் பதினோரு பேர். சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், எல்லாரும் இரண்டு அறைக்குள். அங்கே ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டால் போதும், ஆளுக்கொரு கேள்வி. என்னா ஆச்சு, யாரு இன்னா சொன்னாங்க, வயிறு வலிக்கிதா, மொகம் ஏன் இப்படி கீது. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அன்பு ஆளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் தோற்றபோது அழ இடம் தேடி, கடைசியில் குளியலறைத் தட்டிக்குள் போய் வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே அழுதேன். "எத்தினி சொம்புடா ஊத்துவ" என்று அத்தை வெளியே இருந்து கத்தினாள். அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் துவட்டிக்கொண்டு வந்தேன். அந்த மிச்சப் பாதி இன்னும் எங்கேயோ இருக்கிறது.

அதனால்தான் தண்டபாணி அன்றைக்குச் செய்தது எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. ஒரு அறையில் மூன்று பேர் இருந்தும், அவர் எனக்கு மட்டும் ஒரு கதவைச் சாத்திக் கொடுத்தார்.

ரூம் சட்டம்

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த ஏகாம்பரம் சார், "இன்னா மூர்த்தி, எந்திரிய்யா, ஒரு காபி சாப்ட்டு வரலாம்" என்று என் தோளைத் தொட்டார்.

"விடுங்க சார்," என்றார் தண்டபாணி. "அவரு சுவர்ப் பக்கம் திரும்பிகினு கீறாரு. ரூம்ல இல்லைன்னு நெனச்சிக்குங்க."

"கண்ணு முன்னாடி படுத்துகினு கீற ஆள எப்படிய்யா இல்லைன்னு நெனைக்கிறது?"

"நெனைக்கணும் சார். நாம மூணு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும்னா அப்படித்தான் நெனைக்கணும்."

ஏகாம்பரம் சார் விளையாட்டு வாத்தியார். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்வார். அன்றிலிருந்து அது எங்கள் ரூம் சட்டம் ஆயிற்று. யாராவது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துவிட்டால் அவர் ரூமில் இல்லை. பேசக் கூடாது, கேட்கக் கூடாது, சாப்பிடக் கூப்பிடக் கூடாது. தட்டில் போட்டு மூடி வைத்துவிட வேண்டும். தேடி வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். அவரே எப்போது இந்தப் பக்கம் திரும்புகிறாரோ அப்போது எதுவும் நடக்காதது போலப் பேச்சை எடுக்க வேண்டும்.

நன்றாகத்தான் வேலை செய்தது. போளூரில் பார்த்த பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியபோது ஏகாம்பரம் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேற்குச் சுவரைப் பார்த்தார். நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டி நடந்தோம். மாலையில் இந்தப் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு என்னை விட உயரம்ப்பா, தப்பிச்சேன்" என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. மற்ற ரூம்களில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போகிறார்கள், நாம் எவ்வளவு நாகரிகமாக இருக்கிறோம் என்று பேசிக்கொண்டோம்.

எக்ஸ்சேஞ்சில் என் வேலை கேட்டுக்கொண்டே இருப்பது. ட்ரங்க் காலில் காஞ்சிபுரம், பெங்களூர் என்று ஊர்ப்பட்ட குரல்கள். கத்துவார்கள், கெஞ்சுவார்கள், அழுவார்கள். எட்டு மணி நேரம் காதில் அதைச் சுமந்துவிட்டு வருகிறவனுக்கு, ஒன்றும் கேட்கக் கூடாது என்ற ஒரு அறை எவ்வளவு சுகம் என்று சொன்னால் புரியாது.

எதிர்ச் சுவர்

தண்டபாணி எப்போது மாறினார் என்று எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. மாம்பழ சீசன் முடிகிற சமயம். முதலில் தண்ணீர் முறை தவறியது. கீழே கைப்பம்பில் ஆளுக்கொரு நாள் தண்ணீர் அடித்து மேலே கொண்டுவர வேண்டும். அவருடைய நாளில் குடம் காலியாக இருந்தது. நான் போய் அடித்து வந்தேன். மறுபடி அவருடைய நாள், மறுபடி காலி. ஏகாம்பரம் சார் அடித்து வந்தார். நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பிறகு பல்பொடி டப்பா. மூன்று பேருக்கும் தனித்தனி டப்பா. அவருடையது குறையவே இல்லை. பிறகு முகம் மழிப்பது நின்றது. மயிலுக்கு மூக்கு கோணக் கூடாது என்று உயிரை விட்ட ஆள், தன் சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பிறகு வேலைக்கும் போகவில்லை. முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது நான்தான் அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். வீட்டிலேயே போடட்டும் என்று கட்டம் போட்ட தாளைச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த நூலை அவர் அவிழ்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் மட்டும் தானாக இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஏகாம்பரம் சார் ஊருக்குப் போயிருந்தார். தண்டபாணி தன் கையைப் பார்த்துக்கொண்டே, "மூர்த்தி, உங்களுக்கு எதுனா பண்ணும்போது, அத வேற யாரோ பண்றா மாதிரி இருக்குமாங்க?" என்று கேட்டார்.

"களைப்பா இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"களைப்பு இல்லீங்க."

நான் மேலே கேட்கவில்லை. அவர் மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு ஆள் கையை நீட்டினால் பிடிப்பதற்கு எனக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அவர் அப்போது சுவரைப் பார்த்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. மனச்சோர்வு என்கிறார்கள், வேலூரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், மாத்திரை இருக்கிறது. அப்போது எங்களிடம் இருந்தது இரண்டே வார்த்தை. ஒன்று 'மனசு சரியில்ல', இன்னொன்று 'பைத்தியம்'. முதலாவதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொல்ல வாய் வராது. நடுவில் வார்த்தை எதுவும் இல்லாததால் நாங்கள் நடுவில் எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. டூட்டி முடிந்தால் மாடி ஏறப் பிடிக்கவில்லை. காந்தி ரோட்டில் டீக்கடையில் மூன்று டீ குடித்து உட்கார்ந்திருப்பேன். ஏகாம்பரம் சார் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். அந்த முதுகு எங்கள் இருவரையும் தின்றுகொண்டிருந்தது. வீட்டில் ஒருவர் படுத்தால் கோபித்துக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளலாம், உலுக்கலாம். ரூமில் இருப்பவரை என்ன செய்வது? அவர் நமக்கு யார்? எங்களுக்கு அது தெரியவில்லை. தெரியாததற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்காரம்மா

வீட்டுக்காரம்மா தறியில் உட்கார்ந்தால் தலை நிமிராதவர். ஒருநாள் நான் பம்படியில் நின்றபோது பாவு வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அந்தத் தம்பிக்கு என்னமோ ஆவுது. முந்தா நேத்து படியில குந்திகினு, அவரு பாட்டுக்குத் தண்ணி வந்துகினு இருந்துது கண்ணுல. அழுவுறேன்னு அவருக்கே தெரியல போல கீது. நீங்க ரெண்டு பேரும் பாத்துகினு சும்மா இருக்கீங்களே."

"நாங்க பாத்துக்கறோம்மா" என்றேன்.

"இன்னா பாத்துக்கறீங்க? அவங்க அக்கா களம்பூர்லதான கீது? ஒரு ஆள் மூலமா சேதி சொல்லி அனுப்பினா ஓடி வந்துடுமே."

"அதெல்லாம் அவருக்குப் பிடிக்காதும்மா. நீங்க ஒண்ணும் சொல்லி அனுப்பிடாதீங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் ரூமுக்குள் இந்தம்மா ஏன் மூக்கை நுழைக்கிறார் என்று நினைத்தேன். கண்ணமங்கலத்து அத்தை ஞாபகம் வந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அந்த ஊரில் தண்டபாணியை உள்ளபடி பார்த்த ஒரே ஆள் அந்த அம்மாதான் என்று இன்றைக்குத் தெரிகிறது.

களம்பூர் அக்கா

சேதி போகாமலே அக்கா வந்தார். அவர் பெயர் சரோஜா. தண்டபாணிக்குப் பத்து வயதில் அம்மா போன பிறகு, ஆறு வயது மூத்த இந்த அக்காதான் அவரை வளர்த்தார். அக்காவின் கணவருக்குக் களம்பூரில் அரிசி மில்லில் வேலை. இரண்டு மாதமாகத் தம்பி ஊர்ப் பக்கம் வரவில்லை என்று, அடுக்குக் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பகல் பதினோரு மணிக்கு மேல் இருக்கும். ஏகாம்பரம் சார் பள்ளிக்குப் போயிருந்தார். எனக்கு ஒரு மணிக்கு டூட்டி. தண்டபாணி எதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்து அன்றோடு ஒன்பதாவது நாள். படியில் வளையல் சத்தமும் கேரியர் சத்தமும் கேட்டு வெளியே வந்தேன். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

"தம்பி கீறானாப்பா?" மேல்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேரியரிலிருந்து மொச்சைக்கொட்டைக் குழம்பு வாசனை வந்தது.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. என் அம்மாவின் காரியம் முடிந்து வந்த மறுநாள் இதே படியில் எனக்காகச் சொல்லப்பட்ட வார்த்தை, கடனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி என் வாயில் தயாராக இருந்தது.

"அவரு வெளில போயிருக்காருங்கக்கா."

"வேலைக்கா?"

"ஆமாங்க. இன்னிக்கு வர்றதுக்கு நேரம் ஆவும்."

"நல்லாத்தான கீறான்?"

"நல்லா இருக்காருங்க."

அக்கா கொஞ்சம் நின்றார். சாத்திய கதவைப் பார்த்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் போக வேண்டும், பகல் பஸ்ஸை விட்டால் அப்புறம் மூன்று மணிக்குத்தான் என்றார். கேரியரை என் கையில் கொடுத்தார். "ஆறிடுச்சுன்னா சூடு பண்ணித் தரச் சொல்லுப்பா. அக்கா வந்துச்சுன்னு சொல்லு."

அக்கா இறங்கிப் போனார். நான் டூட்டிக்குக் கிளம்பினேன்.

அந்தக் கேரியரை மாலையில் நானும் ஏகாம்பரம் சாரும் சாப்பிட்டோம். தண்டபாணிக்கு ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தோம், சட்டப்படி.

மடித்து வைத்த பாய்

மூன்றாம் நாள் மாலை நான் ரூமுக்கு வந்தபோது ஏகாம்பரம் சார் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள பாருய்யா."

எதிர்ச் சுவர் ஓரம் பாய் மடித்து வைத்திருந்தது. தலையணை அதன் மேல். குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. முகம் மழித்த கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கீழே வீட்டுக்காரம்மாவைக் கேட்டோம். காலை பத்து மணிக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"எந்திரிச்சிட்டாரு பாத்தியா," என்றார் ஏகாம்பரம் சார். "நாம பேஜார் பண்ணாம விட்டமே, அதான். வேற எடமா இருந்தா ஆளாளுக்குக் கேள்வி கேட்டே கொன்னுருப்பாங்க."

எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆணியிலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். மூன்று பேருக்குச் சோறு வடித்தோம். அவருக்குப் பிடிக்கும் என்று அப்பளம் பொரித்தோம். எட்டு மணி வரை பார்த்துவிட்டு, அக்காவைப் பார்க்கக் களம்பூருக்குத்தான் போயிருப்பார், அங்கேயே தங்கிவிட்டார் என்று முடிவு செய்தோம். அவர் பங்கு அப்பளத்தையும் தின்றுவிட்டோம்.

நாங்கள் அவர் களம்பூரில் இருக்கிறார் என்று நினைத்தோம். அக்கா அவர் ஆரணியில் இருக்கிறார் என்று நினைத்தார். இப்படி ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் ஏகாம்பரம் சார் பிள்ளைகளைக் கபடிப் போட்டிக்குக் களம்பூர் கூட்டிப் போனவர், தண்டபாணியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற அக்கா, "தம்பி எப்படிக் கீறான் சார்? நான் வந்து போனத சொன்னாங்களா?" என்று இவரைக் கேட்டாராம். ஏகாம்பரம் சார் அதற்குப் பிறகு அந்த விசிலைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஊதி நான் பார்த்ததில்லை.

தேடல்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஏரியிலும் ஆள் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கண்ணமங்கலத்தில் பார்த்தேன், கலசப்பாக்கத்தில் பார்த்தேன் என்று யார் யாரோ சொன்னார்கள். ஓடி ஓடிப் போனோம். திருவண்ணாமலையில் சாமியாரோடு சாமியாராக உட்கார்ந்திருப்பார் என்று ஒரு பேச்சு வந்தது. அதைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் தீபத்துக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை. எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தில் வருகிற முகங்களைப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தண்டபாணி கிடைக்கவில்லை. இதை எழுதுகிற நாள் வரை கிடைக்கவில்லை.

அக்கா கேட்டது

இரண்டு மாதம் கழித்து அவர் சாமான்களை எடுத்துப் போக அக்கா வந்தார். ஒரு தகரப் பெட்டி, நான்கு சட்டை, மசிப் புட்டி, நூல் அவிழ்க்காத தாள் சுருள். எல்லாவற்றையும் ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டினார். ஏகாம்பரம் சார் ஜன்னல் பக்கம் நின்றார். மூட்டையைத் தூக்கப் போன அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் கேரியர் எத்துகினு வந்தனே அன்னிக்கு. நான் வந்தது அவனுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்கக்கா," என்றேன். "அவரு ரூம்ல இல்ல. அப்புறமும் நான் சொல்லல, மறந்துட்டேன்."

அக்கா தலையை ஆட்டினார். "அதான். தெரிஞ்சிருந்தா என்னைப் பாக்காம போயிருக்க மாட்டான். நான்தான் அவசரப்பட்டு பஸ் ஏறிட்டேன். இந்தப் படியிலயே சாயங்காலம் வரைக்கும் குந்தியிருந்தா பாத்திருப்பேன். எம்மேலதான் தப்பு."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் அன்றோடு விடவில்லை. ஊரில், உறவில், யார் தம்பியைப் பற்றிக் கேட்டாலும் அதையே சொல்லி வருகிறார். பஸ்ஸுக்கு அவசரப்பட்ட கதையை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சந்தித்த களம்பூர்க்காரர் ஒருவர்கூட, அந்த அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார். அக்காவின் மருமகள் வாராவாரம் இந்தப் பத்திரிகை வாங்குகிறாள், மாமியாருக்குக் கண் தெரியாததால் படித்துக் காட்டுகிறாள் என்றும் சொன்னார். அன்றிலிருந்து இந்தத் தொடரில் ஆரணி ரூமைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

மேலே, 'அக்கா இறங்கிப் போனார். நான் டூட்டிக்குக் கிளம்பினேன்' என்று எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வரிக்கு நடுவில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஏகாம்பரம் சாருக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருமகளே, இதை அவருக்குக் கொஞ்சம் மெதுவாகப் படித்துக் காட்டம்மா.

சரோஜாக்கா, அன்று நீங்கள் இறங்கியதும் நான் கதவைத் திறந்தேன். தண்டபாணி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக, கதவுப் பக்கம் பார்த்து. "அக்கா கொரலாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போய்ட்டாளா?" என்றார். உங்கள் வளையல் சத்தம் இன்னும் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தால், பொய் சொன்னேன் என்று உங்கள் எதிரில் நிற்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. "போய்ட்டாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, "சரிங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீங்கள் அவசரப்படவில்லை அக்கா.